ஃபோர்மன் கொடுக்கச் சொன்னார்

கனகவல்லி காயில் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே மூன்று முறை கம்பியை அறுத்துவிட்டாள். அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்குப் பதிலாகக் கொடுத்த வேலை. சுற்றிப் பதின்மூன்று பேர் இருந்தும் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து மணிக்கு, கையில் கெட்டிலோடு மெலிந்த ஆள் ஒருவர் வந்து அவளுடைய மெஷின் பக்கத்தில் ஒரு கிளாஸ் டீயை வைத்தார்.

"நான் டீ சொல்லலைங்களே" என்றாள்.

"ஃபோர்மன் குடுக்கச் சொன்னாரும்மா. முதல் நாள் யாருக்கா இருந்தாலும் அறுந்துதான் போகுமாம். பதற வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் கோடியில் ஒரு மேஜை, அதன் பின்னால் கை வைத்த தேக்கு நாற்காலி. ஆள் இல்லை. எங்கேயாவது போயிருப்பார் என்று நினைத்து, நாற்காலி இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீயைக் குடித்தாள். நாலாவது தடவை கம்பி அறுந்துபோகவில்லை.

அந்தப் பிரிவில் ஃபோர்மன் என்று ஒருவரே கிடையாது என்பது அவளுக்குப் பதினோராம் நாள்தான் தெரிந்தது.

ஹைதராபாத்தில் மல்லாபூரைத் தாண்டி இருந்தது அந்த அரசாங்கத் தொழிற்சாலை. மோட்டாருக்கு வேண்டிய காயில் சுற்றும் பிரிவு அது. பழைய ஃபோர்மன் அறுபத்தொன்பதாம் வருடம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். கம்பி சுற்றுகிற தேவசகாயம் ஒருவர், சுற்றிய காயிலுக்கு வார்னிஷ் போடுகிற நாராயணசாமி மற்றவர். இரண்டு பேரும் ஒரே வருடம், ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றைக்கு வரிசையில் நான்தான் முன்னால் நின்றேன் என்றார் தேவசகாயம். நின்றது அவராக இருக்கலாம், உள்ளே முதலில் கூப்பிட்டது என்னைத்தான் என்றார் நாராயணசாமி. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் ஃபோர்மன் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது.

உத்தரவை மீறக் கூடாது என்பதில் காயில் பிரிவு மிகவும் பயபக்தியோடு இருந்தது. அந்த இருவர் மட்டுமல்ல, வேறு யாரும்கூட அதில் உட்காரவில்லை. கூட்டுகிறவள் நாற்காலியை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டினாள். நாற்காலியின் நான்கு காலுக்கும் அடியில் இருந்த தரை மட்டும் அறுபத்தொன்பதாம் வருடத்து நிறத்திலேயே இருந்தது.

வழக்குப் போட்ட அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தேவசகாயம் சுற்றியதை நாராயணசாமி எடுத்தால்தான் வேலை நடக்கும். இரண்டு மேஜைக்கும் நடுவே எட்டடி தூரம். அந்த எட்டடியைக் கெட்டிலோடு கடந்தவர் உலகநாதன். வாலாஜாபேட்டைப் பக்கத்து ஆள். தண்ணீரும் டீயும் கொடுக்கிற தினக்கூலி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

தேவசகாயம் இங்கே கத்துவார்: "உலகநாதா, அந்த முண்டத்துகிட்ட சொல்லு. காயில் சுத்தி ஒரு மணி நேரமா கெடக்குது. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

உலகநாதன் எட்டடி நடந்து போய், டீயை ஊற்றிக்கொண்டே சொல்வார்: "அண்ணே, ஃபோர்மன் சொல்றாரு, காயில் தயாரா இருக்குதாம். வார்னிஷ் உங்க கையால போட்டாத்தான் நிக்குமாம்."

எட்டடி தூரத்தில் முண்டம் என்று கூப்பிட்டது நாராயணசாமி காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, "ஃபோர்மன் சொன்னா சரி" என்று எழுந்து போய் எடுத்துக்கொள்வார். எதிராளி சொல்லி எழுந்தால் வழக்கில் தோற்ற மாதிரி. ஃபோர்மன் சொல்லி எழுந்தால் யாருக்கும் ஒரு குறைவும் இல்லை.

இது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. கனகவல்லி சேர்ந்த காலத்தில் ஃபோர்மன் அநேகமாக எல்லாக் காரியத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கரீம் பாயின் பையனுக்குக் காய்ச்சல் என்றால் "ஃபோர்மன் விசாரிச்சாரு பாய், நாலு மணிக்கே கிளம்பச் சொன்னாரு" என்று செய்தி வரும். மீதி காயிலை நான்கு பேர் பிரித்துச் சுற்றுவார்கள், அதுவும் ஃபோர்மன் சொன்னதுதான். ரம்ஜானுக்கு முந்தின நாள் ஃபோர்மன் வாழ்த்துச் சொன்னார். கிருத்திகை அன்று கனகவல்லி விரதம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, அன்று அவளுக்கு மட்டும் டீக்குப் பதிலாகப் பால் வந்தது.

கனகவல்லிக்கு இதில் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. வாரம் தவறாமல் ஸ்கந்தகிரிக்குப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். கண்ணில் படாத ஒருவர் நம்மை விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் பழக்கமான சங்கதி. அவள் குடியிருந்த லாலாகூடா வீட்டில்தான் இதை விளக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. அவள் மகள் மங்கையர்க்கரசி தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்கிற பெண். "அம்மா, ஆ ஃபோர்மன் அங்கிள் எலா உண்டாடு?" என்று ஒரு நாள் கேட்டாள், அவர் எப்படி இருப்பார் என்று. கனகவல்லி யோசித்துப் பார்த்துவிட்டு, "தேக்குல இருப்பாரு" என்றாள்.

எல்லாருக்கும் நல்லது செய்த ஃபோர்மனால் ஒரே ஒருவருக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது உலகநாதன்.

தினக்கூலியை நிரந்தரமாக்க ஒரு படிவம் உண்டு. அதன் அடியில் ஒரு கட்டம். 'பிரிவு ஃபோர்மன் கையொப்பம்.' உலகநாதன் ஒவ்வொரு தை மாதமும் படிவத்தைக் கொடுப்பார், ஒவ்வொரு மாசியிலும் அது கையொப்பம் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வரும். வேறு யாரும் போடவும் முடியாது, ஃபோர்மன் வேலையைச் செய்ததாகி கோர்ட் அவமதிப்பாகிவிடும். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ ஊற்றப் போய்விடுவார்.

எழுபத்தெட்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வருகிற மார்ச் முப்பத்தொன்றுக்குள் நிரந்தரமாகாத தினக்கூலிகளை எல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்று. அதை ஒட்டிய பலகைக்குக் கீழேதான் உலகநாதன் கிளாஸ் கழுவுவது வழக்கம். கழுவி முடித்துவிட்டு வந்து, "ஃபோர்மன் சொல்றாரு, யாரும் மனசைப் போட்டு உழப்பிக்க வேணாமாம்" என்றார். அன்றைக்கு ஒருவரும் "ஃபோர்மன் சொன்னா சரி" என்று சொல்லவில்லை.

நிபுணர் வந்தது அந்தச் சமயத்தில்தான். தொழிலாளியை ஊக்கப்படுத்துவது எது, கூட்டாக வேலை செய்ய வைப்பது எது, நல்ல தலைவன் யார் என்றெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர். தில்லித் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைக்கும் அவரை அனுப்பியிருந்தது. இங்கே காயில் பிரிவில் மட்டும் ஒன்பது வருடமாக உற்பத்தி குறையவே இல்லை என்று கண்டுபிடித்து, ஐந்து நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் படிக்கட்டு மாதிரி ஒரு படம். அடிப்படியில் சோறு, அதற்கு மேல் பாதுகாப்பு, அதற்கு மேல் உறவு, அப்புறம் மரியாதை என்று ஏறிக்கொண்டே போயிற்று. நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் இந்தியில் கேட்டார்.

"படி எல்லாம் நக்கோ சாப், வேணாம்" என்றார் கரீம் பாய். "நமக்கு ஃபோர்மன் சாப் இருக்காரு. பஸ், அது போதும்."

தேவசகாயத்திடம், பிரிவில் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டார்.

"கிடையாதுங்க. நானும் நாராயணசாமியும் ஒன்பது வருஷமா பேசினதே கிடையாது. அப்புறம் சண்டை எங்கேர்ந்து வரும்?"

நாராயணசாமியிடம் கேட்டபோது, "அதேதான்" என்றார். எதைச் சொல்கிறார் என்று நிபுணர் கேட்டதற்கு, "அங்கே உக்காந்திருக்கிறவர் சொன்னது" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் தேவசகாயத்தை ஒப்புக்கொண்ட முதல் வார்த்தை அது.

கனகவல்லியின் முறை வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால், இல்லாத ஃபோர்மன் பெயரை எடுத்துப் பேசியது யார் என்று அடுத்த கேள்வி வரும். மார்ச் வரைகூடத் தாங்காது, உலகநாதன் அன்றைக்கே வெளியே. அவள் முருகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "எங்க ஃபோர்மன் தங்கமான மனுஷருங்க, அதிர்ந்து பேச மாட்டாரு" என்றாள். இரண்டாவது பாதி பொய்யே இல்லை.

ஃபோர்மனை நேரில் பார்க்க வேண்டும் என்று நிபுணர் தினமும் கேட்டார். திங்களன்று ஸ்டோருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். செவ்வாய் டூல் ரூம். புதன் பல் வலி. வியாழன் அன்று நிபுணரே கேட்பதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, தான் கண்ணில் படாமலே தன் ஆட்களை நடத்துகிறவன்தான் தலைவர்களில் உயர்ந்தவன் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். அந்த ஐந்து நாளும் அவருக்கு வேளை தவறாமல் டீ கொடுத்து, "ஃபோர்மன் குடுக்கச் சொன்னாரு சார்" என்றது உலகநாதன். அவரை நிபுணர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலில் அவர் இல்லையே.

இரண்டு மாதம் கழித்துத் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. நாட்டில் உள்ள எல்லாக் கிளைகளிலும் சிறந்த ஃபோர்மன் விருது, ஹைதராபாத் கிளை, காயில் பிரிவு ஃபோர்மனுக்கு. தலைமை அதிகாரியே நேரில் வந்து சால்வை போர்த்துவார்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பணியாளர் அதிகாரி ஜகதீசன் அன்று மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு மேல் காலியாக இருக்கிற பதவியைத் தில்லி ரத்து செய்துவிடும் என்று பயந்து, 'ஃபோர்மன்: உண்டு' என்று ஒன்பது வருடமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான். விழாவுக்கு முந்தின நாள் காயில் பிரிவுக்கு நேராக வந்துவிட்டார்.

"யாராவது ஒருத்தர் மேடையேறித்தான் ஆகணும். இல்லேன்னா என் உத்தியோகம் போயிடும்."

தேவசகாயமும் நாராயணசாமியும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்கோ. கோர்ட் என்னை உள்ளே தள்ளிடும்" என்றவர், கெட்டிலோடு நின்றவரைப் பார்த்தார். "ஏம்ப்பா உலகநாதா, நீ ஒரு கோட்டைப் போட்டுண்டு ஏறிடேன். உன் படிவத்தை நான் பாத்துக்கறேன்."

பத்து வருடமாகத் திரும்பி வந்த காகிதம் ஒரே நிமிடத்தில் நேராகிவிடும் என்று நினைத்தாள் கனகவல்லி.

உலகநாதன் கெட்டிலைக் கீழே வைத்தார். "வேணாங்க சார். தபால்காரன் பத்து வருஷம் லெட்டர் குடுத்தான்னு, லெட்டர் எழுதினவன் நான்தான்னு சொல்லிக்க முடியுமா?"

"ஆனா லெட்டர் எழுதினதும் நீதானேப்பா."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியும். ஆனா நான் மேடையேறி இளிச்சேன்னு வைங்க, நாளைக்கு இந்த அண்ணன்கிட்ட போய் ஃபோர்மன் சொன்னாருன்னு நான் எப்படி சார் சொல்லுவேன்? டீக்காரன் சொன்னதுக்கு நான் எந்திரிக்கணுமான்னு கேப்பாரு. கேக்கறதும் நியாயம்தான்."

நாராயணசாமி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வார்னிஷ் டப்பாவைக் கிளறினார்.

மறுநாள் சாமியானா போட்டு, பட்டாணி சுண்டல் எல்லாம் ஏற்பாடு. தலைமை அதிகாரி ஆங்கிலத்தில் நீளமாகப் பேசிவிட்டு, காயில் பிரிவு ஃபோர்மனை மேடைக்கு அழைத்தார். ஒருவரும் எழவில்லை. மறுபடி அழைத்தார். ஜகதீசனின் முகம் அரைத்த சந்தனம் மாதிரி வெளுத்திருந்தது.

அப்போது ஷெட்டுப் பக்கத்திலிருந்து தேவசகாயமும் நாராயணசாமியும் வந்தார்கள். தேக்கு நாற்காலியை ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உட்காரக் கூடாது என்றுதான் உத்தரவு, தூக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. முந்தின நாள் இருவரும் தனித்தனியாக இதையே யோசித்து, காலையில் நாற்காலியண்டை வந்து முட்டிக்கொண்டார்களாம். மேடைப் படியில் ஏறும்போது தேவசகாயம், "மெதுவா, படி இருக்குது" என்றார். "தெரியுது, கண்ணு பொடனியில இல்ல" என்றார் நாராயணசாமி.

அவர்கள் பேசியதைக் கேட்ட காயில் பிரிவு கை தட்டியது. காயில் பிரிவு தட்டியதால் மற்றப் பிரிவுகளும் தட்டின.

நாற்காலி உற்சவர் மாதிரி மேடை நடுவில் இறங்கியது. தலைமை அதிகாரி அதைப் பார்த்தார், ஜகதீசனைப் பார்த்தார்.

"ஃபோர்மன் ட்யூட்டி நேரத்திலே ஷெட்டை விட்டு வரமாட்டார் சார்" என்றார் ஜகதீசன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. "அதனாலே நாற்காலியை அனுப்பி வெச்சிருக்கார்."

தலைமை அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கடமையுணர்ச்சியைப் பார்த்ததில்லை என்று சொல்லி, நாற்காலிக்குச் சால்வை போர்த்தி, மாலை போட்டு, இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டார். எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் படத்துக்குக் கீழே, 'நடுவில்: ஃபோர்மன்' என்று போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் கனகவல்லி உலகநாதனிடம் கையை நீட்டினாள். "அண்ணே, அந்தப் படிவத்தைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஃபோர்மன் கேட்டாரு."

பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. உலகநாதன் மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் அதை ஜகதீசன் மேஜைமேல் வைத்தாள். கட்டத்துக்குள் பதினான்கு கையெழுத்து. தமிழில், தெலுங்கில், கரீம் பாயுடையது உருதுவில் வலமிருந்து இடமாக. கூட்டுகிறவளுடைய கட்டை விரல் ரேகை நடுவில். தேவசகாயமும் நாராயணசாமியும், யார் மேலே யார் கீழே என்ற பேச்சு வராதபடி ஒரே கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

ஜகதீசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யார் கையெழுத்தும்மா?"

"ஃபோர்மனோடதுதாங்க சார்."

"இத்தனை நீளமாவா?"

"அவர் பேரு கொஞ்சம் நீளங்க."

ஜகதீசன் வெகு நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். இது செல்லாது என்று எழுதினால், எது செல்லும் என்று தில்லி கேட்கும். நேற்றுச் சால்வை போர்த்திக்கொண்டவருடைய கையெழுத்தை எங்கே என்று தேடுவது. அவர் மேலே பார்த்து, "எல்லாம் ஈச்வரன் விட்ட வழி" என்று சொல்லி, 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் போட்டார். தேதி மார்ச் இருபத்தெட்டு.

அதோடு முடியவில்லை. மே மாதம் தில்லியிலிருந்து இன்னொரு உத்தரவு. இப்படிப்பட்ட ஃபோர்மன் சீர்கெட்டுக் கிடக்கிற பீகார் கிளைக்குத்தான் தேவை, பதவி உயர்வோடு ஏழு நாளில் அனுப்பி வையுங்கள் என்று. ஜகதீசன் இந்தத் தடவை பயப்படவில்லை, பழகிவிட்டது. நாற்காலியைச் சாக்கில் சுற்றி, சால்வையை மேலே மடித்து வைத்து, லாரியில் ஏற்றினார். கனகவல்லி அதன் கையில் கொஞ்சம் விபூதி பூசிவிட்டாள். கரீம் பாய் லாரி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். ஒரு மாதம் கழித்துப் பீகாரிலிருந்து பதில் வந்தது: 'வந்து சேர்ந்தார். பொறுப்பேற்றுக்கொண்டார்.' அங்கே என்ன நடந்தது என்று இங்கே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதவியே பீகாருக்குப் போய்விட்டதால் வழக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. நிரந்தரமான உலகநாதனும் பிரிவில் இருக்க முடியவில்லை. காயில் பிரிவுக்கு நிரந்தர அட்டெண்டர் இடம் கிடையாது என்று சொல்லி, நாச்சாரம் பக்கத்துக் கம்பெனிக் குடியிருப்பு பம்ப் ஹவுசில் அவரைப் போட்டார்கள். எல்லாரும் பயந்தது போல் பிரிவு உடைந்துவிடவில்லை. தேவசகாயம், "ஏ முண்டம், காயில் ஆச்சு" என்று நேராகவே கத்தினார். நாராயணசாமி, "உன் அவசரத்துக்கு வார்னிஷ் காயுமா?" என்று திருப்பிக் கத்திவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார். டீ மட்டும் முன்னே மாதிரி இல்லை.

உலகநாதன் ஒன்பது வருடம் தண்ணீர் திறந்துவிட்டு, எண்பத்தெட்டில் ஓய்வு பெற்றார். வாலாஜாவில் மகளோடு இருக்கப் போனார். சிகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனது கனகவல்லி மட்டும்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, பழைய கெட்டில், அவ்வளவுதான் அவர் சாமான். ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை இடது காலால் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. அவள் பிளாட்பாரத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். அப்புறம் போய் ஒரு டீ வாங்கிவந்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினாள்.

"நான் டீ சொல்லலையேம்மா" என்றார்.

"ஃபோர்மன் குடுக்கச் சொன்னாருண்ணே. முதல் நாள் யாருக்கும் அப்படித்தான் இருக்குமாம். பதற வேணாம்னு சொன்னாரு."

உலகநாதன் டீயை வாங்கி ஆற்றி, ஒரு வாய் குடித்தார். கார்டு விசில் ஊதினார். கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஃபோர்மன் மாத்தலாகிப் போயி ஒன்பது வருஷமாச்சும்மா" என்றார். "இது நீ குடுத்ததுன்னே சொல்லு."